ராம்நாடு கடக்கரைல பட்டாம்பூச்சி வலசை பாக்கணும், எப்ப வரணும், எங்க நிக்கணும்?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம் மக்களே. நாங்க மதுரை. பையன் ஏழாவது படிக்கிறான், மெக்சிகோல மொனார்க் பட்டாம்பூச்சி கூடுற வீடியோ ஒன்னு யூடியூப்ல பாத்துட்டான், அதுல இருந்து வீட்ல வேற பேச்சே இல்ல. மரம் பூரா இலையே தெரியாம பூச்சி தொங்குது, கிளை கனம் தாங்காம வளையுது, வெயில் பட்டதும் மொத்தமா எந்திரிக்குது, அதப் பாத்துட்டு "நாமளும் போவோமாப்பா"ங்குறான். மெக்சிகோவுக்கு டிக்கெட் போடுற அளவுக்கு நம்ம நெலம இல்ல, அது அவனுக்கும் தெரியும், சும்மா கேட்டு வைக்கிறான்.

இதுக்கு நடுவுல மண்டபத்துல இருக்க என் மச்சினன் போன்ல பேசும்போது, "ஏன் மாப்ள அம்புட்டு தூரம், ஐப்பசி மழை தொடங்குற சமயம் எங்க ஊருக்கு வாங்க, கருப்பு பட்டாம்பூச்சி கூட்டங்கூட்டமா ரோட்டுக்கு குறுக்க போகும், தனுஷ்கோடி பக்கம் போனா கடலுக்கு மேலயே போறத பாக்கலாம்"னு சொல்லிட்டான். அவன் கொஞ்சம் கூட்டிச் சொல்ற ஆளு, அதான் இங்க கேக்குறேன்.

நெசமாவே ராமநாதபுரம் கரைல அப்படி பாக்க முடியுமா? தீபாவளி லீவுல வந்தா சரியா இருக்குமா இல்ல தை மாசமா? தனுஷ்கோடி ரோடு முடியுற அரிச்சல்முனைல போயி நின்னா போதுமா, வேற எடம் இருக்கா? அதுங்க இலங்கைக்கா போகுது? போட்டு எடுத்துட்டு கடலுக்குள்ள போயி பாக்க வழி உண்டா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, புண்ணியமா போகும்.

பாம்பன்காத்து:

வாங்கண்ணே. உங்க மச்சினன் சொன்னது பொய் இல்ல, ஆனா மெக்சிகோ மாதிரி இங்க மரத்துல தொங்கும்னு நெனச்சு தம்பிய கூட்டிட்டு வந்தீங்கன்னா ரெண்டு பேருமே மூஞ்சிய தொங்கப் போட்டுத்தான் திரும்புவீங்க. அங்க அது குளிர்காலத்த கழிக்கிற எடம், நவம்பர்ல வந்தா மார்ச் வரைக்கும் அந்த மலைக் காட்டுலயே கெடக்கும், அதனால நாள் குறிச்சுப் போயி பாக்கலாம். நம்ம கரை தங்குற எடம் கெடயாது, கடந்து போற பாதை. இன்னைக்கு காலைல விடாம போயிக்கிட்டே இருக்கும், நாளைக்கு அதே எடத்துல ஒரு ஈ கூட இருக்காது.

எல்லாம் காத்துதான் அண்ணே. இத பலபேர் கவனிக்கிறதில்ல. பூச்சிக்கு பின்னாடி இருந்து காத்து தள்ளுனா அது மேல ஏறிரும், நம்ம கண்ணுக்கே தெரியாத ஒசரத்துல போயிரும், கீழ நின்னு அண்ணாந்து பாத்தா வெறும் வானந்தான். எதிர்காத்தா இருந்தா தரைய ஒட்டி, முட்டி ஒசரத்துல, செடிக்குச் செடி ஒதுங்கி ஒதுங்கிப் போகும், ஏன்னா மண்ணுக்குப் பக்கத்துலதான் காத்தோட வேகம் கம்மி. அதனால நல்ல காத்து அடிக்கிற நாள்ல அது சொகமா போயிரும், நமக்கு ஒன்னும் கெடைக்காது. லேசான எதிர்காத்து, இல்ல பக்கவாட்டுக் காத்து இருக்க நாள்தான் பாக்குறவனுக்கு நல்ல நாள். இங்க ஐப்பசி பொறந்தா கச்சான்ங்குற மேற்குக் காத்து ஓஞ்சு வாடைங்குற வடக்குக் காத்து பிடிக்கும், அந்த ரெண்டுக்கும் நடுவுல காத்து செத்துக் கெடக்குற சில நாள் வரும் பாருங்க, அத பிடிக்கணும்.

தீபாவளி லீவு சரியான காலந்தான், ஆனா மழைய பாத்து வாங்க. ரெண்டு மூணு நாள் ஊத்திட்டு அப்புறம் ஒரு நாள் வெள்ளனா வானம் வெளுத்து சுள்ளுன்னு வெயில் வருதுல்ல, அன்னைக்கு எட்டு மணில இருந்து பதினோரு மணி வரைக்கும். மழைல இலைக்கடில ஒண்டிக் கெடந்ததெல்லாம் அன்னைக்குத்தான் கெளம்பும். மேகமா இருந்தா ரூம்லயே தூங்குங்க.

எடம்னு கேட்டா, அரிச்சல்முனை அசோக தூண்கிட்ட நிக்காதீங்க, அங்க கூட்டம், சுண்டல், செல்ஃபி. தனுஷ்கோடி ரோடு முகுந்தராயர் சத்திரம் தாண்டுனதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் கடல் நெருங்கி வரும்ல, அந்த ஒடுக்கத்துல எங்கயாச்சும் வண்டிய ஓரங்கட்டுங்க. பூச்சிக்கு கீழ மண்ணு இருக்கணும், தீவு குறுகிப் போக போக எல்லாம் ஒரே பட்டைல வந்து சேரும், அகலமான எடத்துல சிதறிப் போறது அங்க நெருக்கமா போகும். ஆனா தயவு செஞ்சு வண்டிய மெதுவா ஓட்டுங்க. 2017ல அந்த ரோடு போட்டதுக்கப்புறம் வர்ற காரெல்லாம் நேரான ரோட்டப் பாத்ததும் பறக்குறான், கூட்டம் போற நாள்ல ரேடியேட்டர் கம்பிவலைல எத்தன ஒட்டிக் கெடக்கும்னு முனைல நிக்கிற வண்டிக முன்னாடி குனிஞ்சு பாத்தா தெரியும்.

இலங்கை விஷயம் பெரிய சண்டை, அத டீச்சர் வந்து சொல்லட்டும்.

சும்மா_வந்தேன்:

எங்க தாத்தா சொல்வாரு, இந்தப் பாப்பாத்திப்பூச்சி பூரா கடலத் தாண்டி இலங்கைல சிவனொளிபாத மலைக்குப் போயி, சாமி பாதத்துல விழுந்து உசுர விடுமாம். அதான் இங்கிருந்து போறது திரும்ப வர்றதே இல்லைன்னு. படிச்சவங்க சிரிப்பீங்க, இருந்தாலும் சொல்லி வச்சேன்.

உச்சிப்புளி_டீச்சர்:

தம்பி, சிரிக்கல. அந்தக் கதை இலங்கைலயும் உண்டு, சிங்களத்துல அந்த மலைக்கு பேரே சமனல கந்த, அதாவது பட்டாம்பூச்சி மலை. மார்ச் ஏப்ரல்ல அந்தப் பக்கம் பட்டாம்பூச்சி கூட்டமா போறது உண்மை, அப்பத்தான் மலைக்கு யாத்திரை போற சீசனும், ஏறுற சனம் பாத்துருக்கு, கதை கட்டிருக்கு. ஆனா சாகுறதுக்காக போகுதுங்குறது இல்ல. வலசை போற பூச்சி போற வழிலயும் போய்ச் சேர்ற எடத்துலயும் முட்டை போடும், அதோட ஆயுசு அங்க முடியும், திரும்ப வர்றது அதோட பிள்ளையோ பேரனோ. மொனார்க்கும் அப்படித்தான், மெக்சிகோவுல இருந்து வடக்க கெளம்புறது மூணு நாலு தலைமுறை மாறித்தான் கனடா வரைக்கும் போகும், வெயில் காலத்துல பொறக்குறது சில வாரத்துலயே செத்துரும், தெற்க திரும்பி வர்ற தலைமுறை மட்டும் எட்டு மாசம் வரைக்கும் தாக்குப்பிடிக்கும்.

கடல் தாண்டுமான்னு கேட்டா, தாண்ட முடியும். அதுல எனக்கு சந்தேகமே இல்ல. பெயின்டட் லேடின்னு ஒரு ஜாதி பட்டாம்பூச்சி, நம்ம ஊர்லயும் உண்டு. 2013ல தென்னமெரிக்காவுல பிரெஞ்சு கயானா கடற்கரை மண்ணுல அது களைச்சுப் போயி உக்காந்துருந்தத பாத்துட்டு, அதோட ஒடம்புல ஒட்டிருந்த மகரந்தம், றெக்கைல இருக்க ஐசோடோப்பு (எந்தப் பக்கம் வளந்துச்சுன்னு காட்டுற அணு அடையாளம்), அன்னைக்கு அடிச்ச காத்து எல்லாத்தையும் வச்சு ஆராய்ஞ்சு, மேற்கு ஆப்பிரிக்காவுல இருந்து 4200 கிலோமீட்டர் அட்லாண்டிக் கடல நிக்காம தாண்டிருக்குன்னு 2024ல ஆராய்ச்சிக் கட்டுரை போட்டாங்க. அஞ்சுல இருந்து எட்டு நாள் பறந்துருக்கும்னு கணக்கு. அரிச்சல்முனைக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல முப்பது கிலோமீட்டர் சொச்சம், அதுலயும் இடைல தீடை தீடையா மணல்திட்டு. காத்து ஒத்துழைச்சா ஒரு முற்பகல் வேலை. ஆனா அதுக்காக முனைல நின்னு கடல் மேல போற ஒவ்வொரு பூச்சியையும் "இலங்கைக்குப் போகுது"ன்னு எழுதிறக் கூடாது. கொஞ்ச தூரம் போயிட்டு காத்து தள்ளி திரும்ப கரைக்கே வர்றதும் உண்டு. அது கண்ணுக்கு மறையுற வரைக்கும் பாருங்க, திரும்புதான்னும் பாருங்க.

வைகைக்கரை சார், உங்க மகனுக்கு நான் சொல்றது வேற. வானத்த பாக்காம செடிய பாக்கச் சொல்லுங்க. கூட்டம் போற நாள் அமையலைன்னாலும் செடி ஏமாத்தாது.

தேள்கொடுக்குச் செடி தெரியும்ல, பூக்காம்பு தேளோட வாலு மாதிரி சுருண்டிருக்கும், கண்மாய்க் கரைல, ஈரம் வத்துன எடத்துல நெறைய மொளைக்கும். அந்தச் செடி காஞ்சு கருகி நிக்கிற எடத்துல போயி சத்தம் போடாம உக்காருங்க. நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன்ங்குற பட்டாம்பூச்சியெல்லாம் பூ இருக்க செடிய விட்டுட்டு இந்தக் காஞ்ச குச்சில வந்து மொய்க்கும். பக்கத்துல போயி பாத்தா, காலால இலைய பறண்டும், உறிஞ்சுகுழல நீட்டி அந்த எடத்த நனைச்சு நனைச்சு திரும்ப உறிஞ்சும். பெரும்பாலும் ஆண் பூச்சிதான். அந்தச் செடில இருக்க ஒரு கசப்பு ரசாயனம் அதுக்கு வேணும், பொண்ண மயக்குற வாசனைய அதுல இருந்துதான் செய்யுது, மிச்சத்த கலவி நேரத்துல பொண்ணுக்கும் குடுத்துருது, அது முட்டைக்கும் போயி, தின்ன வர்ற பூச்சிக கிட்ட இருந்து காப்பாத்தும். கிலுகிலுப்பைச் செடிலயும் இதே கத. ஸ்கூல்ல நாங்க தேள்கொடுக்க வேரோட பிடுங்கி தலைகீழா கட்டி காம்பவுண்ட் செவுத்துல தொங்கவிடுவோம், காய காய வரும்.

அடுத்து ஆடுதீண்டாப்பாளை. கரிசக்காட்டு வரப்புல தரையோட படர்ந்து கெடக்கும், ஆடு வாய் வைக்காது, அம்புட்டு கசப்பு. அதுலதான் கருப்பு றெக்கைல வெள்ளைப் பட்டையும் பின் றெக்கைல செவப்புப் பொட்டும் உள்ள கிரிம்சன் ரோஸ் முட்டை போடும். புழு அந்த விஷத்த தின்னு வளர்றதால பட்டாம்பூச்சியும் விஷம், குருவி தொடாது, அதான் அது அவசரமே இல்லாம சாவகாசமா பறக்கும். ராமேஸ்வரம் தீவுல நீங்க பாக்கப் போற அழகான பூச்சி அநேகமா இதுதான், பெருகுன காலத்துல கூட்டம் கூடி வலசை கெளம்புற ஜாதி. பொழுது சாயும்போது இலை இல்லாத குச்சில வரிசையா வந்து அடையும், கருவ மரத்துலயும் தொங்கும். உங்க மகன் கேட்ட "தொங்குறது" சின்ன அளவுல இதுதான். ஒரு சூட்சுமம்: ஒடம்பு செவப்பா இருந்தாத்தான் கிரிம்சன் ரோஸ். றெக்கை அதே மாதிரி இருந்து ஒடம்பு கருப்பா இருந்தா அது காமன் மார்மன்ங்குற வேற பூச்சியோட பொட்டை, விஷம் இல்லாதது, விஷக்காரி வேஷம் போட்டுட்டு திரியுது. எங்க பிள்ளைங்க இத கண்டுபிடிக்கிறதுல என்னைய விட வேகம்.

உகாய் மரத்தையும் விட்றாதீங்க. பல்லு வெளக்குற மிஸ்வாக் குச்சி அந்த மரந்தான், நம்ம உப்புக் காத்துக்கு அசராம நிக்கும். அதத் தின்னு வளர்ற ஸ்மால் சால்மன் அராப்னு மாம்பழ நெறத்துல சின்னப் பூச்சி, கடற்கரையோரம் சாதாரணமா பறக்கும்.

கோவை_லென்ஸ்:

டீச்சர் அக்கா சொன்னதுக்கு மேல நான் செடி பத்தி பேச மாட்டேன். வலசை பத்தி மட்டும்.

தென்னிந்தியாவுல பெருங்கூட்டமா போறது முக்கியமா நாலு ஜாதி: கருநீல வரியன், நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன், இரட்டைவரிக் கருப்பன். கிருஷ்ணமேக் குண்டே 2005ல இதப் பத்தி ஆய்வுக் கட்டுரை எழுதிருக்காரு. கணக்கு ரொம்ப எளிசு. தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலைல கொட்டப் போகுதுன்னா, ஏப்ரல் கடைசில இருந்து ஜூன் வரைக்கும் அங்கிருந்து கெழக்க எறங்கி சமவெளிக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் வந்துரும். இங்க பெருகும். அப்புறம் வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது, செப்டம்பர் அக்டோபர் நவம்பர்ல, திரும்ப மேற்கு மலைக்கு ஓடும். நம்ம ஆளுங்க மழைக்கு ஒதுங்குறாங்க, அவ்ளோதான். அதனால வாசு... மன்னிக்கணும், வைகைக்கரை, நீங்க உங்க மச்சினன் ஊர்ல ஐப்பசில கூட்டமா பாக்குற கருப்பன்ல பாதி கடலுக்கு முதுகக் காட்டிட்டு மேற்க போறதா இருந்தா ஆச்சரியப்படாதீங்க. "கருப்புப் பூச்சின்னா இலங்கை"ன்னு முடிவு பண்ணிட்டு வர்றவங்க கெழக்க மட்டுமே பாத்துட்டு நிப்பாங்க, முதுகுக்குப் பின்னாடி ஊர்வலமே போயிட்டிருக்கும்.

பையன்கிட்ட ஒரு வேலை குடுங்க, அப்பத்தான் போரடிக்காது. ரெண்டு கரண்டு கம்பத்துக்கு நடுவுல ஒரு கோடு இருக்கதா மனசுல போட்டுக்கணும். அந்தக் கோட்ட அஞ்சு நிமிஷத்துல எத்தன பூச்சி தாண்டுது, எந்தத் திசைல தாண்டுது, ஃபோன் காம்பஸ் வச்சு பாத்து நோட்டுல எழுதணும். காத்து எங்கிருந்து, மணி என்ன, வெயிலா மேகமா. பத்து நிமிஷம் ரெஸ்ட், திரும்ப அஞ்சு நிமிஷம். ஒரே திசைல தொடர்ந்து போனாத்தான் வலசை, பூவுக்கு பூ சுத்திக்கிட்டு இருந்தா அது உள்ளூர்ப் பூச்சி மேயுது. முடிஞ்சா ஐநேச்சுரலிஸ்ட்ங்குற உயிரினப் பதிவு ஆப்புல போட்டோவோட ஏத்துங்க. கோயமுத்தூர், ஏற்காடு, நீலகிரி பக்கமெல்லாம் வருஷா வருஷம் ஆள் நின்னு எண்றாங்க, கடற்கரைல அப்படி ஒக்காந்து எண்ற ஆளுங்க கொறச்சல், ஒரு ஏழாங்கிளாஸ் பையன் எழுதுன நோட்டுக்கும் அங்க மதிப்பு இருக்கு.

கூட்டம் கண்டிப்பா பாத்தே ஆகணும்னா, கடற்கரைய மட்டும் நம்பாதீங்க. டிசம்பர் ஜனவரில கேரளாவுல கண்ணூர் மாவட்டம் ஆறளம் காட்டுக்குப் போங்க, காமன் அல்பட்ராஸ்ங்குற வெள்ளைப் பூச்சி ஆத்தோரமா போறதுக்கு அது பேர் போன எடம், ஈர மணல்ல வெள்ளை விரிச்ச மாதிரி உக்காந்து உப்பு உறிஞ்சும். மதுரைல இருந்து பக்கம்னா அக்டோபர்ல சிறுமலை ஏறிப் பாருங்க. ஸ்ரீரங்கத்துல மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் ஒரு நாள் போகலாம், அது வலசை பாக்குற எடம் இல்ல, ஆனா பேரு கத்துக்க நல்ல எடம், பேரு தெரிஞ்சுட்டு கரைக்குப் போனா ருசி வேற.

அப்புறம் தமிழ்நாட்டோட மாநிலப் பட்டாம்பூச்சி தமிழ் மறவன், 2019ல அறிவிச்சாங்க. ராம்நாடு சேதுபதி சீமைல அத தேடாதீங்க, பேரு மறவன்னாலும் ஆளு மலைக்காட்டுக்காரன்.

வைகைக்கரை:

அடேயப்பா, இம்புட்டு தகவல். லென்ஸ் சார், வாசு யாருன்னு தெரியல, இருந்தாலும் பரவால்ல. டீச்சரக்கா, நீங்க சொன்ன தேள்கொடுக்க பையன் இன்னைக்கே வைகை கரைல தேடிப் போயிட்டான், நாலஞ்சு செடி பிடுங்கியாந்து மொட்ட மாடில கட்டிருக்கான், இதுவரைக்கும் ஒரு எறும்பு வந்துருக்கு.

இன்னும் ரெண்டு சந்தேகம். ஒன்னு, போட்டுல போகலாமான்னு கேட்டேன், யாரும் சொல்லல. ரெண்டு, "ராமேஸ்வரம் நேச்சர் பேக்கேஜ்"னு போன்ல ஒரு விளம்பரம் வந்துச்சு, பட்டாம்பூச்சி வலசையும் காட்டுறோம்னு போட்டுருக்கான், அது எப்படி?

தொண்டிக் கடல்:

போட்டு பத்தி நான் சொல்றேன் தம்பி. நாங்க கடலுக்குப் போற ஆளுக. அரிச்சல்முனை தாண்டி தீடைப் பக்கம் போட்டுல சுத்திப் பாக்குறதெல்லாம் நடக்காது, அது எல்லை, நேவியும் கோஸ்ட்கார்டும் நிக்கிற எடம், எங்கள மாதிரி தொழிலுக்குப் போறவனுக்கே அங்க ஆயிரம் பிரச்சனை. மன்னார் வளைகுடா பக்கம் இருக்க 21 தீவும் 1986ல இருந்து தேசியப் பூங்கா, இஷ்டத்துக்கு எறங்க முடியாது. போட்டு ஆசை இருந்தா தொண்டிக்குத் தெக்க காரங்காடுல வனத்துறை போட்டு விடுறாங்க, அலையாத்திக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போவாங்க, பிள்ளைக்கு அது புடிக்கும்.

கடல்ல நாங்க பாக்குறதுன்னா, வாடை தொடங்குற நேரம் பட்டாம்பூச்சி போட்ட கடந்து போறது சகஜம், தண்ணிய ஒட்டி அலை ஒசரத்துக்குப் போகும், அலை எந்திரிச்சா அதுவும் எந்திரிக்கும், எறங்குனா எறங்கும். வலைக்குச்சில உக்காந்து றெக்கைய மூடிக்கிட்டு கொஞ்ச நேரம் வரும், அப்புறம் அது பாட்டுக்கு கெளம்பிரும். ஆனா அத விட ஜாஸ்தி தட்டான். மஞ்சத் தட்டான், கயிறு, போட்டோட முன்பக்க அணியம், ஆளு தோள்பட்டை ஒரு எடம் பாக்கி இல்லாம உக்காரும். அது எங்கிட்டு போகுதுன்னு எங்க அப்பா காலத்துல இருந்து கேட்டுட்டு இருக்கோம்.

உச்சிப்புளி_டீச்சர்:

அண்ணே அந்தத் தட்டான் போற தூரம் கேட்டா நீங்களே அசந்துருவீங்க. மாலத்தீவுல நல்ல தண்ணிக் குளமே அபூர்வம், தட்டான் முட்டை போட வழி இல்லாத ஊரு, ஆனா அக்டோபர் ஆனா வருஷா வருஷம் கூட்டமா வந்து எறங்குது. அங்கயே குடியிருந்த சார்லஸ் ஆண்டர்சன்னு ஒரு கடல் ஆராய்ச்சியாளர் இத குறிச்சு வச்சுட்டே வந்து, இந்தியாவுல இருந்து கெளம்பி மாலத்தீவு வழியா இந்தியப் பெருங்கடல தாண்டி கிழக்கு ஆப்பிரிக்காவுக்கே போகுதுன்னு 2009ல எழுதுனாரு. வடகிழக்குக் காத்துல மேல ஏறி மெதந்துட்டே போகும். மழைத் தண்ணி தேங்குற குட்டைலதான் அது முட்டை போடும், குட்டை வத்துறதுக்குள்ள குஞ்சு வளந்து பறந்துரணும், அதனால மழை எங்க நகருதோ அங்கிட்டே அதுவும் நகரும். நம்ம கண்மாய் நெறஞ்சு வயல்ல தண்ணி நிக்கிற நேரத்துல மேல பறக்குறதுல பாதி அதுதான். வைகைக்கரை சார், உங்க மகன் நோட்டுல தட்டானுக்கும் தனியா ஒரு கட்டம் போடச் சொல்லுங்க.

பரமக்குடி_மொளகா:

அந்த பேக்கேஜ் வேணாம் பங்காளி. அதுவோ வேறயோ தெரியல, போன வருஷம் எங்க சித்தப்பா குடும்பம் இதே மாதிரி ஒன்னுல காசு கட்டிட்டு வேன்ல போயிருக்காங்க, மதியம் ரெண்டு மணிக்கு மண்டை பொளக்குற வெயில்ல எறக்கிவிட்டு "சீசன் முடிஞ்சுருச்சு சார்"னு சொல்லிட்டு, தூரத்துல நிக்கிற கொக்க காட்டி பிளமிங்கோன்னு சொன்னானாம். பட்டாம்பூச்சிய நாள் சொல்லி காட்டுறேன்னு எவன் சொன்னாலும் காசு குடுக்காதீங்க. உள்ளூர் ஆட்டோக்காரர் ஒருத்தர பேசிக்கிட்டா போதும், நிறுத்தச் சொன்ன எடத்துல நிறுத்துவாரு.

பாம்பன்காத்து:

மொளகா சொல்றது கரெக்ட்டு. பிளமிங்கோ நெசமாவே வரும், ஆனா தை மாசி வாக்குல வாங்க, 2025ல தனுஷ்கோடிய அதுக்கு சரணாலயமாவே அறிவிச்சுட்டாங்க. பட்டாம்பூச்சிக்கு வர்றப்ப அத எதிர்பாக்காதீங்க.

வர்ற வழி சொல்றேன். மதுரைல இருந்து ரயில்லயே வரலாம், 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் தெறந்ததுல இருந்து பழையபடி ராமேஸ்வரம் வரைக்கும் வண்டி போகுது. ஆனா ரயில்ல வந்து ராமேஸ்வரத்துல எறங்கி ஆட்டோ பிடிச்சு முனைக்குப் போறதுக்குள்ள எட்டு மணி வெயில் போயிரும், அதனால முந்துன நாளே வந்து மச்சினன் வீட்ல தங்குங்க, காசும் மிச்சம். முந்துன நாள் சாயங்காலம் மண்டபத்துலயே சவுக்குத் தோப்பு ஓரம், கருவக்காட்டு ஓரம் ஒரு நடை போங்க, டீச்சர் சொன்ன மாதிரி குச்சில அடையுறது தட்டுப்பட்டா மறுநாள் காலைல தனுஷ்கோடி வரைக்கும் அலையவே வேணாம், அது கெளம்புறத அங்கனயே பாத்துரலாம்.

முனைக்குப் போனா தண்ணி எடுத்துட்டுப் போங்க, நெழல்னு ஒன்னு கெடயாது. சாயங்காலத்துக்கு மேல அந்த ரோட்டுல இருக்க விடமாட்டாங்க. ட்ரோன் இருந்தா வீட்லயே வச்சுட்டு வாங்க, உச்சிப்புளில நேவி விமான தளம் இருக்கு, கடலோரம் பூரா கண்காணிப்பு, தேவையில்லாம ஸ்டேஷன்ல உக்கார வேண்டி வரும்.

வைகைக்கரை:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். மச்சினன்ட்ட பேசிட்டேன், மழை விட்டதும் போன் அடிக்கிறேன்னு சொல்லிருக்கான், லீவு போட முடிஞ்சா அன்னைக்கே பஸ் ஏறிருவோம், ஸ்கூலுக்கு காய்ச்சல்னு சொல்லிக்கலாம் (டீச்சரக்கா இத படிக்காதீங்க). கடைசியா ஒன்னு, ஒருவேளை போற அன்னைக்கு ஒன்னுமே பறக்கலைன்னா பையன எப்படி சமாளிக்கிறது? வலை வாங்கித் தரச் சொல்றான், குடுக்கலாமா?

உச்சிப்புளி_டீச்சர்:

படிச்சுட்டேன் சார். காய்ச்சல்னு சொல்லாம ஊருக்குப் போறோம்னே சொல்லுங்க, நோட்டுல எழுதிட்டு வந்தத அறிவியல் டீச்சர்கிட்ட காட்டட்டும், ஒரு டீச்சரும் கோவிக்க மாட்டாங்க.

வலை வேணாம். வலசை போற பூச்சி ஒடம்புல சேத்து வச்ச கொழுப்ப வச்சுத்தான் பறக்குது, விரட்டி விரட்டி பறக்கவிட்டா அது வீணாகும், கைல பிடிச்சா றெக்கைத் தூளும் போகும். போன் கேமரா போதும், முட்டி போட்டு, நெழல் அது மேல விழாம பக்கத்துல போகணும்.

ஒன்னும் பறக்கலைன்னா அரளிச் செடிக்குக் கூட்டிட்டுப் போங்க. மண்டபத்துல வீட்டு வாசல், கோயில் நந்தவனம்னு எங்க பாத்தாலும் அரளி நிக்கும். இலைக்கு அடில குனிஞ்சு பாக்கச் சொல்லுங்க, வெண்புள்ளிக் கருப்பனோட கூடு அதுலதான் தொங்கும், புளி போட்டுத் தேச்சு கவுத்து வச்ச சொம்பு மாதிரி பளபளன்னு இருக்கும், முகத்த கிட்ட கொண்டு போனா மூஞ்சி தெரியும். அது கருத்து, உள்ள இருக்க றெக்கைப் புள்ளி வெளிய தெரிய ஆரம்பிச்சுருச்சுன்னா அநேகமா மறுநாள் காலைல பூச்சி வெளிய வந்துரும், அப்படி ஒன்னு கெடைச்சா ஒரு ராத்திரி கூட தங்கிட்டுப் போங்க. அரளிப்பால் கண்ணுல வாய்ல பட்டா ஆகாது, தொட்டா கைய சோப்பு போட்டு கழுவணும், இத மட்டும் அவன்கிட்ட முன்கூட்டியே சொல்லிருங்க.